எம்.ஏ. பொருளியலா, எம்.பி.ஏ.வா? மே மாதத்தில் கேட்டால் காலம் கடந்துவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டத் தேர்வு முடிவுகள் வரும் மே, ஜூன் மாதங்களில் நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் 'அடுத்து என்ன படிக்கலாம்?' என்ற கட்டுரைகள் அணிவகுத்து வருகின்றன. பி.ஏ. பொருளியல், பி.காம்., பி.எஸ்சி. கணிதம் முடித்தவர்களுக்கு அவற்றில் தவறாமல் சொல்லப்படும் இரண்டு வழிகள் எம்.ஏ. பொருளியலும் எம்.பி.ஏ.வும். இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு சம்பளத் தொகை இருக்கும். எம்.பி.ஏ.வுக்கு எதிரே உள்ள தொகை பெரிதாக இருக்கும். வீட்டில் அன்றைக்கே முடிவு எடுத்துவிடுகிறார்கள். அந்தத் தொகை யாருக்குக் கிடைக்கிறது, எந்தப் படிப்பை முதலில் படிக்க வேண்டும், எந்த மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்ற மூன்றும் சொல்லப்படாமல் போவதால் பல பிள்ளைகள் தவறான இடத்தில் போய்ச் சேர்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம் சற்று நீளமாக இருக்கிறது.

முதலில் அந்தச் சம்பளத் தொகை. எம்.பி.ஏ. என்பது ஒரே படிப்பு அல்ல. அகமதாபாத், கொல்கத்தா, பெங்களூரு ஐஐஎம்-களில் (இந்திய மேலாண்மைக் கழகங்களில்) பெறும் எம்.பி.ஏ.வுக்கும், ஊருக்கு ஒன்றாக இருக்கும் கல்லூரியில் பெறும் எம்.பி.ஏ.வுக்கும் பாடத் தலைப்புகள் ஏறக்குறைய ஒன்றுதான். வளாகத்துக்கு வரும் நிறுவனங்கள் வேறு. சிறிய கல்லூரிகளுக்கு வருபவை பெரும்பாலும் தனியார் வங்கி, காப்பீடு, நுண்கடன் நிறுவனங்களின் விற்பனைப் பணிகள். சேமிப்புக் கணக்கு பிடிப்பதும், பாலிசி விற்பதும், மாத இலக்கை முடிப்பதுமே வேலை. அந்த வேலை இழிவானது அல்ல. ஆனால் அதே வேலைக்கு ஒரு பி.காம். பட்டதாரியையும் எடுக்கிறார்கள் என்பதை இரண்டு ஆண்டுகளையும் சில லட்சங்களையும் செலவழிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்லூரிகள் 'சராசரிச் சம்பளம்' என்று அச்சடிப்பதை நம்பிச் சேரக் கூடாது. 20 பேரில் 19 பேருக்கு ஆண்டுக்கு 3 லட்சம், ஒருவருக்கு மட்டும் 40 லட்சம் என்றால் சராசரி 4 லட்சத்து 85 ஆயிரம் என்று வரும். அந்தத் தொகையை வாங்குபவர் அந்த வகுப்பில் ஒருவர்கூட இல்லை. கேட்க வேண்டியது இடைநிலைச் சம்பளம். அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்ற விவரங்களைக் கொடுக்க வேண்டும். அதே விவரத்தைத் தன் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். அதைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 100 பேர் முடித்து, 55 பேருக்கு வேலை கிடைத்து, இடைநிலைச் சம்பளம் 4 லட்சம் என்று இருந்தால், 4 லட்சத்துக்கு மேல் வாங்குபவர்கள் 100 பேரில் சுமார் 27 பேர்தான். வேலை கிடைக்காத 45 பேர் அந்தக் கணக்கிலேயே இல்லை. மூன்று ஆண்டு விவரங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். விவரமே வெளியிடாத கல்லூரி என்றால், சேர்க்கைக்கு முன் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில நிறுவனங்கள் தருவது எம்.பி.ஏ. பட்டம் அல்ல, பி.ஜி.டி.எம். என்ற பட்டயம். தனியார் வேலைக்கு இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. பின்னால் முனைவர் பட்டத்துக்கோ அரசுப் பணிக்கோ போக நினைத்தால், அந்தப் பட்டயம் எம்.பி.ஏ.வுக்கு இணையானது என இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்றிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஐஐஎம்-களும் முன்பு பட்டயம்தான் கொடுத்தன. 2017-ம் ஆண்டின் ஐஐஎம் சட்டத்துக்குப் பிறகுதான் பட்டம் கொடுக்கும் அதிகாரம் பெற்றன.

இனி எம்.ஏ. பொருளியல். இதில் ஏமாற்றம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. பி.ஏ.வில் படமாக வரைந்து, பத்தியாக எழுதி மதிப்பெண் வாங்கிய பாடம், நல்ல நிறுவனத்தின் எம்.ஏ.வில் முதல் வாரத்திலேயே சமன்பாடாக மாறிவிடும். சமநோக்கு வளைகோடு வரவுசெலவுக் கோட்டைத் தொடும் இடத்தை இனி படத்தில் காட்டினால் போதாது. பயன்பாட்டுச் சார்பை எழுதி, வருமானக் கட்டுப்பாட்டைச் சேர்த்து, லக்ராஞ்ஜ் பெருக்கி கொண்டு பகுதி வகைக்கெழு எடுத்துத் தேவைச் சார்பை வருவிக்க வேண்டும். பேரியல் பொருளியலில் வேறுபாட்டுச் சமன்பாடுகளும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் வரும். பொருளாதார அளவையியலில் (எகனாமெட்ரிக்ஸ்) தொடர்புப் போக்குக் கெழுக்களை அணிகளால் எழுதி, அவற்றின் மாறுபாட்டெண்ணை வருவிக்கச் சொல்வார்கள். பிளஸ் 2-வில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள் என்ற பிரிவை எடுத்தவர் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவர். அவருக்கு இது சுவரில் முட்டுவது போல இருக்கும். முதல் பருவத்தில் தோற்பவர்களில் பலருக்குப் பொருளியல் தெரியாமல் இல்லை. கணக்கில்தான் அவர்கள் விழுகிறார்கள்.

இதைச் சரிசெய்ய விலை கொடுத்துப் பயிற்சி மையத்துக்குப் போகத் தேவையில்லை. தமிழ்நாடு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதினொன்றில் அணிகள், வகை நுண்கணிதம், அதன் பயன்பாடுகள், நிகழ்தகவு, ஒட்டுறவும் தொடர்புப் போக்கும். பன்னிரண்டில் தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், சமவாய்ப்பு மாறி, நிகழ்தகவுப் பரவல்கள், புள்ளியியல் அனுமானித்தல். இவ்வளவும் தமிழிலேயே இருக்கின்றன. நாளுக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பயிற்சிக் கணக்குகள் அத்தனையையும் போட்டால் நான்கைந்து மாதங்களில் முடிக்கலாம். பகுதி வகையிடலிலும் பெரும, சிறுமக் கணக்குகளிலும் நிதானமாக நில்லுங்கள்; எம்.ஏ.வின் முதல் பருவம் அவற்றின் மேல்தான் நிற்கிறது. பிறகு இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள பழைய நுழைவுத் தேர்வுத் தாள்களை எடுத்து ஒரு மாதம் போட்டுப் பாருங்கள். விடை வராவிட்டாலும் அடுத்த நாளும் உட்காரத் தோன்றுகிறது என்றால் பொருளியல் உங்களுக்கு ஒத்துவரும். உட்காரவே பிடிக்கவில்லை என்றால் அதை அந்த ஒரு மாதத்தில் தெரிந்துகொள்வது, இரண்டாம் பருவத்தில் தெரிந்துகொள்வதைவிட நல்லது.

எம்.ஏ. பொருளியலிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு பெரிது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம் எம்.எஸ். அளவைப் பொருளியல் நடத்துகிறது. கல்விக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு. பிளஸ் 2 அளவில் கணிதம் படித்திருக்க வேண்டும். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஹைதராபாத், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகங்கள், திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கு முதுநிலை க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. அதில் 75 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 குறைப்பு. பொருளியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும் என்பதைத் தமிழ்வழி மாணவர்கள் முன்கூட்டியே மனதில் கொள்ள வேண்டும். ஐஐடி டெல்லி, ரூர்க்கி போன்றவற்றின் எம்.எஸ்சி. பொருளியலுக்கு, ஐஐடி-கள் முதுநிலைச் சேர்க்கைக்கு நடத்தும் ஜாம் தேர்வில் 2020 முதல் பொருளியல் தாள் இருக்கிறது. 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். சென்னையில் ராஜா செல்லையா 1993-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பொதுப் பொருளியலோடு நிதிப் பொருளியல் போன்ற பிரிவுகளும் உண்டு. வங்கிக்கும் தர மதிப்பீட்டு நிறுவனங்களுக்கும் போக விரும்புபவர்களுக்கு அந்த நிதிப் பொருளியல் ஒரு நல்ல நடுவழி.

உள்ளூரில் சேர்வதானால் பாடத்திட்டத்தை வாங்கி மூன்றை மட்டும் தேடுங்கள்: கணித முறைகளுக்குத் தனித் தாள், பொருளாதார அளவையியலுக்குத் தனித் தாளும் ஸ்டாட்டா அல்லது ஆர் மென்பொருளில் கணினிப் பயிற்சியும், கடைசிப் பருவத்தில் தரவு கொண்டு எழுதும் ஆய்வேடு. மூன்றும் இல்லையென்றால் அந்தப் பட்டம் தேர்வுகளுக்கான தகுதியைத் தரும், கைத்தொழிலைத் தராது. அந்தக் குறையை நீங்களே நிரப்ப வழி இருக்கிறது. மத்திய புள்ளியியல் அமைச்சகம் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் குடும்ப அளவிலான தரவை இலவசமாகத் தருகிறது. ஆர் மென்பொருளும் இலவசம். தமிழ்நாட்டுப் பெண்களின் வேலைப் பங்கேற்பை மாவட்டவாரியாகவோ கல்வி நிலைவாரியாகவோ எடுத்துப் பத்துப் பக்கம் எழுதுங்கள். கணக்கெடுப்பின் எடையளவுகளை (மாதிரியில் உள்ள ஒரு குடும்பம் எத்தனை குடும்பங்களுக்குப் பதிலாக நிற்கிறது என்ற எண்களை) போட மறந்துவிடுவதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை. அதைப் போடாமல் வரும் விகிதம் மாநிலத்தின் விகிதமாகாது. மாவட்ட அளவுக்குப் போகும்போது மாதிரி எண்ணிக்கை சிறுத்துவிடும் என்பதையும் அப்போதே நேரில் பார்ப்பீர்கள். நேர்காணலில் மதிப்பெண் பட்டியலைவிட இந்தப் பத்துப் பக்கம் பேசும்.

இப்போது நான் மிக முக்கியமாகச் சொல்ல வந்தது, வரிசை. எம்.ஏ. பொருளியல் முடித்தவர் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு எம்.பி.ஏ.வுக்குப் போகலாம், போனால் வரவேற்பும் அதிகம். எம்.பி.ஏ. முடித்தவர் திரும்பி வந்து எம்.ஏ. பொருளியல் படிப்பது அரிது. கணக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும், கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும், வயது வரம்பும் நெருக்கும்.

யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளியல், பயன்பாட்டுப் பொருளியல், வணிகப் பொருளியல், பொருளாதார அளவையியல் ஆகியவற்றில் ஒன்றில் முதுநிலைப் பட்டம் இருந்தால்தான் எழுத முடியும். வயது 21 முதல் 30 வரை; பிரிவுவாரித் தளர்வு உண்டு. எழுத்துத் தேர்வு 1,000 மதிப்பெண், நேர்முகம் 200. எம்.பி.ஏ. பட்டத்தை வைத்துக்கொண்டு இதற்கு விண்ணப்பிக்க முடியாது. இடங்கள் மிகக் குறைவு என்பதால் இதை மட்டும் நம்பி யாரும் எம்.ஏ. சேரவும் கூடாது. கல்லூரி ஆசிரியர் பணிக்குப் பொருளியலில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு இருக்கிறது, அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆய்வு செய்ய முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் முதுநிலை ஆசிரியராக எம்.ஏ.வும் பி.எட்.டும் வேண்டும். முதல் வகுப்பிலிருந்து முதுநிலை வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்தவருக்கு மாநில அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காட்டு முன்னுரிமை இருக்கிறது. அரசுக் கல்லூரிகளில் தமிழ்வழி எம்.ஏ. பொருளியல் கிடைக்கும்போது அதைக் குறைவாக எண்ணி, எங்கோ ஒரு எம்.பி.ஏ.வுக்குக் கடன் வாங்கிப் போகும் கிராமத்துப் பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்வதில்லை என்பது மனதை உறுத்துகிறது.

எம்.பி.ஏ.வுக்கு வேலை அனுபவம் ஏன் முக்கியம்? அங்கே பாடம் நடப்பது ஒரு நிறுவனத்தின் சிக்கலை வைத்து விவாதிப்பதில். சரக்கு தேங்குவதையும், விற்ற பணம் 90 நாள் வராமல் இழுப்பதையும், மேலாளருக்கும் தொழிற்சங்கத்துக்கும் நடுவில் நிற்பதையும் பார்த்திருந்தால் விவாதத்தில் கொடுக்கவும் எடுக்கவும் ஏதாவது இருக்கும். நிறுவனங்களும் இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவரை மேல் படியில் எடுக்கின்றன. பல ஐஐஎம்-கள் நேர்முகத்துக்கு அழைக்கும்போதே கேட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்ட மதிப்பெண்களையும், வேலை பார்த்த மாதங்களையும், பொறியியல் அல்லாத படிப்பு என்பதையும் கணக்கில் எடுக்கின்றன. கலை, வணிகப் பிரிவு மாணவர்களுக்கு அந்தக் கடைசி அம்சம் ஓர் உதவி. பலருக்கு அது தெரியாது. கேட் தேர்வு மொழித்திறன், தரவு விளக்கமும் தர்க்கமும், கணக்கு என்று மூன்று பகுதிகள், பகுதிக்கு 40 நிமிடம். மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும். தமிழகக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட்: 2 மணி நேரத்தில் 100 கேள்விகள், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு குறைப்பு.

ஆட்களை வைத்து வேலை வாங்கவும், விற்கவும், குடும்பத் தொழிலை எடுத்து நடத்தவும் விருப்பம் உள்ளவர் எம்.ஏ. பொருளியல் பக்கம் வர வேண்டியதில்லை. பொருளியல் படித்தால் தொழில் நடத்தத் தெரியும் என்பது தவறான எண்ணம். விலைவாசி ஏன் ஏறுகிறது, ஒரு நலத்திட்டம் யாரைச் சென்றடைந்தது, எந்தக் கடன் வாராக்கடன் ஆகும் என்பதற்குத் தரவிலிருந்து விடை தேடுவது அந்தப் படிப்பின் வேலை. வங்கிகளின் இடர் கணிப்புப் பிரிவு, தர மதிப்பீட்டு நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள், அரசின் மதிப்பீட்டுத் துறைகள் எல்லாம் ஆள் தேடுவது அதற்காகத்தான். வீட்டில் உடனே வருமானம் வேண்டிய நிலை என்றால் இரண்டையும் தள்ளிவைத்து, எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடிய ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வை எழுதுங்கள். வேலையில் இருந்தபடியே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளியல் முடித்தாலும் நெட் எழுதும் தகுதி வந்துவிடும்.

வெளிநாடு பற்றி ஒன்று மட்டும். அமெரிக்காவில் சாதாரணப் பொருளியல் முதுநிலைக்கும், 'பொருளாதார அளவையியலும் அளவைப் பொருளியலும்' என்று வகைப்படுத்தப்பட்ட முதுநிலைக்கும் பாடத்தைவிட விசாவில் வேறுபாடு அதிகம். 45.0603 என்ற பாடக் குறியீடு பெற்ற படிப்பை முடித்தவர் 12 மாத வேலைப் பயிற்சி அனுமதிக்கு மேல் இன்னும் 24 மாத நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம், 45.0601 என்ற பொதுக் குறியீட்டுக்கு அது இல்லை. சேர்க்கைக் கடிதத்தை ஏற்கும் முன் அந்த எண்ணைக் கேட்டுவிடுங்கள்.

பணக் கணக்கு. பழைய ஐஐஎம்-களில் இரண்டு ஆண்டுக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. 20 லட்சத்தை நான்கு பருவங்களில் 5 லட்சமாக, 10 விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி ஓடும். தனிவட்டியாகப் போட்டாலே மூன்றாம் ஆண்டு முடிவில் நாலரை லட்சம் சேர்ந்துவிடும். 24 லட்சத்து 50 ஆயிரத்தைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 32,400 ரூபாய். தவணை தொடங்கும்வரை வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டி வந்தால் தவணை 26,400 ஆகக் குறையும். முதல்தர நிறுவனத்தில் கிடைக்கும் சம்பளம் இதைத் தாங்கும். அதே கணக்கைச் சிறிய கல்லூரிக்குப் போட்டுப் பாருங்கள்: 8 லட்சம் கடன், முதல் வேலை மாதம் 22,000, வட்டி சேர்ந்தபின் தவணை 13,000-ஐத் தொடும். மீதி 9,000-ல் சென்னையில் ஓர் அறை வாடகையும் சாப்பாடும் நடக்காது. கடைசியில் தவணையைப் பெற்றோர்தான் கட்டுவார்கள்.

வங்கிகளின் பொதுத் திட்டத்தில் 4 லட்சம் வரை பிணை கேட்கமாட்டார்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் சொத்து அடமானம் கேட்பார்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவருக்கு அடமானமும் பிணையாளரும் வேண்டாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து வேறு வட்டிச் சலுகையோ உதவித்தொகையோ பெறாதவருக்கு 10 லட்சம் வரையான கடனுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு இந்தத் திட்டம் கிடையாது.

கடைசியாக நாட்காட்டி. கேட் விண்ணப்பம் ஆகஸ்டில் திறந்து செப்டம்பரில் மூடுகிறது. தேர்வு நவம்பர் கடைசியில். ஜாம் விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில்; தேர்வு பிப்ரவரியில். முதுநிலை க்யூட் விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில், தேர்வு மார்ச்சில். டான்செட்டும் பெரும்பாலும் மார்ச்சில். புள்ளியியல் நிறுவனத்துக்கு மார்ச்சில் விண்ணப்பம், மே மாதம் தேர்வு. இறுதியாண்டு மாணவர் இவை எல்லாவற்றையும் எழுதலாம். தேதிகள் பொதுவாக மோதுவதில்லை. முடிவு வந்தபின் யோசிக்கத் தொடங்குபவருக்கு மிச்சம் இருப்பது அரசுக் கலைக் கல்லூரி இடமும் எம்.பி.ஏ. நிர்வாக ஒதுக்கீடும்தான்.

தேதியைப் பிடித்தவர்களும் சான்றிதழில் தவறுகிறார்கள். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு வருமான வரம்பு இல்லை. வீட்டில் இருக்கும் நிரந்தர சாதிச் சான்றிதழே போதும். மத்தியப் பல்கலைக்கழகம், ஐஐடி, ஐஐஎம் எதற்கும் அது செல்லாது. மத்திய அரசு வடிவில், மேல்தட்டு (கிரீமி லேயர்) நீக்கப்பட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வட்டாட்சியரிடம் தனியாக வாங்க வேண்டும். பெரும்பாலும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பின் வழங்கப்பட்டதாகக் கேட்பார்கள். மாநிலப் பட்டியலில் உள்ள சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால் முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும். மேல்தட்டைத் தீர்மானிக்கும் 8 லட்சம் வருமான வரம்பில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அரசுப் பணியில் இருந்தால் பதவி நிலையைத் தனியாகப் பார்ப்பார்கள். இது தெரியாமல், 'நமக்குக் கிடைக்காது' என்று பொதுப் பிரிவில் விண்ணப்பித்து இடத்தை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். மேற்படிப்பு வழிகாட்டிப் பக்கத்தை மே மாதத்தில் மட்டும் அல்லாமல் ஆகஸ்ட் முதல் வாரத்திலும், இறுதியாண்டு மாணவர்களுக்கென்றே வெளியிடுங்கள். ஒவ்வொரு தேர்வின் விண்ணப்பக் கடைசி நாளையும், ஓ.பி.சி. சான்றிதழ் எந்தத் தேதிக்குப் பின் வாங்கியிருக்க வேண்டும் என்பதையும் ஒரே பெட்டியில் போட்டால், கல்லூரி அறிவிப்புப் பலகையில் வெட்டி ஒட்டிவைக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பொருளியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி